‘சோத்தைக் குறைச்சாச்சு, எடை குறையலையே!’ 40 வயதைத் தாண்டிய பெண்களுக்கு உடம்பில் என்னதான் நடக்குது?

“ஏன் பாப்பா, ராத்திரிக்கு ரெண்டே ரெண்டு சப்பாத்திதான். சோத்தைத் தொடறதே இல்ல. அப்பவும் ஏன் ஏறுது?”

கண்டாச்சிபுரத்தில் இருக்கும் பெரியம்மா போனில் கேட்ட கேள்வி இது. அவருக்கு வயது 47. வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். ஐந்து வருஷத்தில் 9 கிலோ கூடியிருக்கிறது. யூடியூப் பார்த்து சீரகத் தண்ணி குடிச்சாச்சு, கொள்ளு ரசம் வெச்சாச்சு, பக்கத்துத் தெருவில் யாரோ விற்ற ‘வெயிட் லாஸ் பவுடர்’ டப்பாவும் ஒண்ணு காலி. ரெண்டு மாசத்தில் 4 கிலோ குறைந்தது. அடுத்த நாலு மாசத்தில் 5 கிலோவாகத் திரும்பி வந்தது.

இது பெரியம்மா ஒருத்தரின் பிரச்சினை இல்லை. மத்திய அரசின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் 2015-16ல் 30.9 சதவீதம். 2019-21ல் அது 40.4 சதவீதம். அதாவது பத்தில் நாலு பேர். இதே ஆய்வில் 53.4 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதும் தெரிய வந்தது. எடை கூடுவதற்கும் நல்ல சாப்பாடு சாப்பிடுவதற்கும் சம்பந்தமில்லை என்பது இந்த ரெண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தாலே புரியும். இன்னொரு விஷயம், 49 வயதைத் தாண்டிய பெண்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

வயசானா மெட்டபாலிசம் படுத்துடுமா?

“நாப்பது வந்துட்டா உடம்பு எரிக்கறது குறைஞ்சிடும்” என்று எல்லோரும் சொல்வோம். 2021 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. 29 நாடுகளில், பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400-க்கும் மேற்பட்டோரை அளந்து பார்த்தார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை உடல் செலவழிக்கும் சக்தியில் பெரிய மாற்றமே இல்லை. 60-க்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது.

அப்போ மாறுவது எது? முதலில் ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்கும்போது இந்த ஹார்மோன் ஏறி இறங்கி, கடைசியில் குறைந்துவிடுகிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு இப்போது வயிற்றுப் பக்கம் சேர ஆரம்பிக்கிறது. கூடவே தசை குறைகிறது. 30 வயதுக்குப் பிறகு பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையலாம் என்கிறார்கள். சாப்பாட்டை மட்டும் வெட்டி வேகமாக எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்புதான் வருகிறது. பெரியம்மாவின் பவுடர் டப்பா கதை இதுதான்.

அடுத்தது தூக்கம். நடுராத்திரி திடீரென உடம்பு சுடுவது, வியர்த்துக் கொட்டுவது, மூணு மணிக்கு முழிப்பு வந்து விடியும் வரை புரண்டு படுப்பது எல்லாம் இந்த வயதில் சகஜம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, ‘போதும்’ என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. மறுநாள் காலையில் இனிப்பு கேட்கும். அதைப் போய் ‘நாக்கைக் கட்ட முடியல’ என்று நம்மை நாமே திட்டிக்கொள்வோம்.

வேலையும் மாறிவிட்டது. களைக்கு மருந்து அடிக்கிறார்கள், அறுவடைக்கு மெஷின் வருகிறது. 2011-ல் அரசு இலவச மிக்ஸி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியது. ஆட்டுக்கல் முன்னால் உட்கார வேண்டாம் என்பது நல்ல விஷயம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வேலை செய்த காலத்துச் சோற்றின் அளவு தட்டில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் பருப்பும் காயும் கொஞ்சம்தான்.

மீந்த சோறு யாருக்குப் போகுது?

நான் பெரியம்மாவிடம் என்ன சாப்பிடுறீங்க என்று கேட்கவில்லை. எப்போ, ஏன் சாப்பிடுறீங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது.

காலையில் எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் டிபன். பேரன் கடித்து வைத்த பாதி இட்லி, மாமியார் தட்டில் மிச்சமான உப்புமா, ‘கொட்டவா முடியும்’ என்று அதுவும் வயிற்றுக்குள். மதியம் தனியாக இருக்கும்போது டீயும் ரஸ்க்கும். பையன் ஓசூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து சாயங்காலம் வீடு வெறிச்சுன்னு இருக்கு, அப்போது மிக்சர். ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் ஒழித்த பிறகு அந்தப் புகழ்பெற்ற ரெண்டு சப்பாத்தி.

இதில் எத்தனை முறை பசி இருந்தது? அவரே எண்ணிப் பார்த்து, “ரெண்டு தடவை இருக்கும்” என்றார். மற்றதெல்லாம் களைப்பு, தனிமை, பழக்கம், வீணாகக் கூடாது என்ற கவலை. சாப்பாடு அங்கே வேறு ஏதோ வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலைக்கு வேறு ஆள் போடாமல் சாப்பாட்டை மட்டும் நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும்?

இதைப் பெண்களின் ‘மனசு’ சம்பந்தப்பட்டது என்று மட்டும் ஒதுக்கிவிடவும் முடியாது. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவழிப்பது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் நின்றபடி ஓடிக்கொண்டிருப்பவரிடம் போய் “தினமும் ஒரு மணி நேரம் உனக்குன்னு ஒதுக்கு” என்று சொல்வது சுலபம். அந்த ஒரு மணி நேரத்தை யார் எடுத்துக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

எடை குறையாமலே பலன் கிடைக்குமா?

கிடைக்கும். அதற்குச் சென்னையிலேயே ஓர் ஆதாரம் இருக்கிறது. மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கண்காணித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. சராசரி வயது 46. ஆண்களே அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உணவையும் நடையையும் மிதமாக மாற்றிக்கொண்ட குழுவில் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 26.4 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பலன் வந்தபோது அவர்கள் எடையில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

எடை மிஷின் முள் நகரவில்லை என்று மூணாவது வாரத்திலேயே எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்கள் இதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வேலை நடக்குது. எடையும் சேர்ந்து குறைந்தால் நல்லதுதான். 70 கிலோ இருப்பவர் மூன்றரை முதல் 7 கிலோ வரை குறைத்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தத்தில் வித்தியாசம் தெரியும். கல்யாணப் போட்டோவில் இருந்த இடுப்புக்குத் திரும்பத் தேவையில்லை.

அளக்க வேண்டுமென்றால் இன்ச் டேப் நல்லது. இந்தியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ., அதாவது சுமார் 31.5 அங்குலத்தைத் தாண்டினால் கவனம் தேவை. தையல்காரரான பெரியம்மா ஊருக்கெல்லாம் அளவு எடுப்பவர், தனக்கு எடுத்ததே இல்லையாம்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஒரு வாரத்துக்கு எதையும் குறைக்க வேண்டாம். சாப்பிடும் ஒவ்வொரு முறையும் பசியா, களைப்பா, கோபமா, மீந்துச்சேன்னா என்று மட்டும் கேலண்டர் தாளின் பின்னால் ஒரு வார்த்தை எழுதுங்கள். எந்த நேரத்தில் என்ன நடக்குது என்று உங்களுக்கே பிடிபடும்.

அப்புறம் சேர்ப்பது. ஆமாம், குறைப்பதற்கு முன்னால் சேர்ப்பது. 55 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 45 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி மல்லாட்டையில் சுமார் 7 கிராம். நம்ம பக்கம் விளையுற மல்லாட்டையை வேக வைத்துச் சாப்பிட்டால் நல்லது, ஒரு கைப்பிடியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது. தட்டில் பருப்பு, சுண்டல், கீரை, காய் கூடினால் சோறு தானாகக் குறையும். கேழ்வரகுக் களி என்றாலும் அளவு உண்டு, ‘சிறுதானியம்தானே’ என்று மூணு உருண்டை கணக்கில் வராது. டீயைப் பாருங்கள். நாலு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் என்றால் 8 ஸ்பூன் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், சுமார் 6 ஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது.

நடை? வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கணக்கு. ஆனால் ஊரில் ஒரு பெண் காலை ஆறு மணிக்கு ஷூ போட்டுத் தெருவில் நடந்தால், “என்னக்கா, சுகரா?” என்று நாலு பேர் கேட்பார்கள். அதே அக்கா பௌர்ணமிக்கு பஸ் ஏறி திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி வந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை! கால் இருக்கிறது, தெம்பு இருக்கிறது, கூட நடக்க ஆள் இருந்தால் வெட்கமும் போய்விடுகிறது. ரெண்டு, மூணு பேராகச் சேர்ந்து கிளம்புங்கள். வாரத்தில் ரெண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்தால்கூடப் போதும். மூட்டு வலி இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

எடை திடீரென ஏறி, கூடவே அசதி, முடி கொட்டுதல், மலச்சிக்கல் இருந்தால் தைராய்டு பரிசோதனை அவசியம். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு சொட்டு ரத்தம் பட்டாலும் தாமதிக்கக் கூடாது. முயற்சியே செய்யாமல் எடை குறைந்தாலும் சந்தோஷப்படாமல் போய்ப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். மேல் சிகிச்சைக்கு இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எடை குறைக்கும் ஊசி பற்றியும் இப்போது நிறைய பேர் கேட்கிறார்கள். அது மருத்துவர் பார்த்து எழுத வேண்டிய மருந்து, பக்கத்துத் தெருவில் வாங்கும் டப்பா இல்லை.

அழுகை அடிக்கடி வருது, எதிலும் பிடிப்பு இல்லை, சாப்பிட்ட பிறகு குற்ற உணர்ச்சி வாட்டுது என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பெரியம்மா இப்போது எல்லோரோடும் எட்டு மணிக்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாராம். பாத்திரத்தைப் பெரியப்பா ஒழிக்கிறார். “தேய்க்கறது சரியில்ல, நான் ஒரு தடவை கழுவிடறேன்” என்கிறார். அதையும் விடச் சொல்லியிருக்கிறேன்.