சாண எரிவாயுத் தொட்டியருகே மின்கம்பி

2007இல் எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்து, பின்னர் படுவான்கரை திரும்பி, மீண்டும் இரண்டு மூன்று மாடுகள் சேர்த்த குடும்பங்களிடம் சாண எரிவாயுத் தொட்டி பற்றிப் பேசினால் அநேகமாக இந்தக் கேள்வி வரும்: "தொட்டிக் கொட்டிலுக்குள் ஒரு மின்குமிழ் போடலாமா? கார் பற்றறிதானே, 12 வோல்ட். கையில் பிடித்தாலும் அடிக்காது."

அடிக்காது என்பது உண்மை. ஆனால் ஆளை அடிக்காத மின்சாரம் வாயுவைப் பற்றவைக்கும். சாண எரிவாயுவில் பாதிக்கு மேல் மெதேன். வளியில் மெதேன் 5 முதல் 15 வீதம் வரை கலந்து நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாத பொறியே போதும்.

1913 ஒக்ரோபர் 14ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் செங்கெனித் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர் மாண்டனர். அங்கே சைகை மணி அடிப்பதற்கு வெறும் கம்பிகள் இரண்டைத் தொடுவித்து எடுப்பார்கள். அதற்கு மின்சாரம் தந்ததும் பற்றறிதான். காரணம் முடிவாக நிறுவப்படவில்லை. ஆனால் அந்தக் கம்பிகள் மேலும் சந்தேகம் விழுந்தது. மணியின் கம்பிச் சுருளில் சேர்ந்த சக்தி, கம்பி விலகும் கணத்தில் பொறியாகப் பாய்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அந்தச் சக்தியைப் பற்றவைக்கும் அளவுக்குக் கீழே கட்டுப்படுத்திவிட்டால் கம்பி அறுந்தாலும் தீ இல்லை. இதையே உள்ளார்ந்த பாதுகாப்புச் சுற்று என்பார்கள்.

இத்தகைய சுற்றுக்குத் தடித்த இரும்புக் குழாய் தேவைப்படாது. ஆனால் வேறு கம்பிகளோடு ஒரே குழாயில் செல்லவே கூடாது. உறை உரிந்த 230 வோல்ட் கம்பி ஒன்று தொட்டால் கட்டுப்பாடு முழுவதும் வீண். ஆகவே பெரும்பாலும் நீல உறையிட்டு வேறாக இழுப்பார்கள். சக்தியைக் கட்டுப்படுத்தும் கருவி பொதுவாக வாயு இல்லாத பக்கத்தில் இருக்கும்.

அந்தக் கருவிகள் தொழிற்சாலைகளுக்கு உரியவை, விலையும் கூட. நமது கார் பற்றறி அந்த வகையில் சேராது. அதன் முனைகள் ஒன்றோடொன்று தொட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். சார்ஜ் ஏறும்போது ஐதரசனும் வெளிவரும். அது மெதேனைவிட எளிதில் பற்றும்.

நமக்கு உகந்தது, கம்பியை வெளியே வைப்பதுதான். பற்றறி, சுவிச், மின்குமிழ் மூன்றையும் தொட்டியிலிருந்து விலக்கிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெளிச்சம் மட்டும் உள்ளே விழட்டும். கொட்டிலைச் சுவர் வைத்து அடைக்காதீர்கள்.

இன்னொன்று. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஐதரசன் சல்பைட்டு இந்த வாயுவில் உண்டு. அது செம்பை அரித்துக் கறுப்பாக்கும். கறுத்த மூட்டு தளரும், தளர்ந்த மூட்டில் பொறி பறக்கும். கறுத்த கம்பியைச் சுரண்டி மறுபடி முறுக்காமல் மாற்றிவிடுங்கள்.

இரவில் அந்த நாற்றம் பலமாக அடித்தால் சுவிச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் வெளியே வாருங்கள்.