அழிந்த துறைமுகமும் ஆக்கிய கரங்களும்

அழித்தல் எளிது, ஆக்கல் அரிது. இவ்வுண்மையை வரலாறு பலகாலும் மெய்ப்பித்திருக்கின்றது. 1944ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டின் வடகரையிலுள்ள செர்பூர் என்னும் துறைமுக நகரத்தில் நிகழ்ந்தவை அதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு யூன் 6ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் நோமண்டிக் கரையில் இறங்கின. இறங்கிய படைக்கு உணவும் எரிபொருளும் வெடிமருந்தும் நாடோறும் வந்து சேர்தல் வேண்டும். திறந்த மணற்கரையை நெடுநாள் நம்பியிருத்தல் இயலாது என்பதை யூன் 19ஆம் நாள் எழுந்த பெரும்புயல் உணர்த்திற்று. ஒமாஹாக் கரையில் அமெரிக்கர் அமைத்த செயற்கைத் துறைமுகம் அப்புயலாற் சிதைந்தது. ஆகவே செர்பூரின் தேவை முன்னிலும் மிகுந்தது.

இதனை ஜேர்மானியரும் நன்கறிந்திருந்தனர். யூன் இறுதியில் நகரம் வீழுமுன்னரே துறைமுகத்தை அவர்கள் பாழாக்கினர். கப்பல்களை வாயில்களில் மூழ்கடித்தனர், பாரந்தூக்கிகளைத் தகர்த்தனர், பயணிகள் கப்பலிலிருந்து நேரே புகைவண்டியேறுதற்கென 1933இல் திறக்கப்பட்ட பெருநிலையத்தையும் வெடிவைத்துச் சிதைத்தனர். இச்செயலுக்காகக் கடற்படைத் தளபதி ஹென்னெக்கே என்பவருக்கு ஹிட்லர் உயர்விருது வழங்கினார்.

எல்லாவற்றினும் கொடியவை நீருள் மறைந்த கண்ணிவெடிகள். அவற்றுட் சில கப்பலின் இரும்பால் விளையும் காந்த மாற்றத்தினாலும், சில சுழல்விசிறியின் ஓசையினாலும் வெடிப்பன. முதலிற் செல்லுங் கப்பல்களை வாளா விடுத்துப் பின்வருவதை அழிக்கும் பொறியுடையனவும் உள. ஆதலின், ஒரே நீர்ப்பரப்பைத் திரும்பத் திரும்பத் துழாவ வேண்டியதாயிற்று.

கண்ணிவெடி அகற்றுவோர், சுழியோடிகள், தரைப்படைப் பொறியியலாளர் எனப் பலரும் இப்பணியிற் கூடினர். அவர்களுடன் வந்திறங்கியோருள் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பட்டாளத்தினர் குறிப்பிடத்தக்கவர். அப்படை தோன்றிய வரலாறு அறியத்தக்கது. 1941 டிசெம்பரில் வேக் தீவை யப்பானியர் கைப்பற்றியபோது, அங்கே கட்டட வேலை செய்துகொண்டிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குடிமக்கள் சிறைப்பட்டனர். குடிமக்கள் படைக்கலம் ஏந்துதல் போர்முறைக்கு மாறானது. எனவே, கட்டவும் காக்கவும் வல்லதொரு படையை அமைக்குமாறு தளபதி பென் மொறெல் வேண்டினார்; 1942 சனவரியில் அதற்கு அனுமதி கிடைத்தது. கட்டுமானப் பட்டாளம் என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள் இரண்டையும் சேர்த்தொலிக்கக் கடற்றேனீ என்னும் பொருள் தோன்றும். 'சீபீஸ்' என்னும் பெயர் இவ்வாறு வழங்கலாயிற்று. தொடக்கத்திற் சேர்ந்தோர் இளம் வீரரல்லர். தச்சர், கொல்லர், மின்வினைஞர், தெருவமைப்போர் முதலாய தொழிலறிந்த நடுவயதினரே பலர்.

யூலை 16ஆம் நாள், அஃதாவது நகரம் வீழ்ந்து மூன்று வாரத்துள், முதற் சரக்குகள் கரையேறின. கப்பல்கள் துறைசேர வழியின்மையால், நீரிலும் நிலத்திலும் ஓடும் ஊர்திகளே அவற்றைச் சுமந்து வந்தன. பின்னர்த் துறைகள் ஒவ்வொன்றாய்த் திறக்கப்பட்டன. நவம்பர் இறுதியில் அன்வேர்சுத் துறைமுகம் திறக்கப்படும்வரை, அமெரிக்கப் படைகளுக்குச் செர்பூர் தலையாய வாயிலாய் விளங்கிற்று.

இவர்கள் ஆக்கியதும் போரின் பொருட்டே என்பதை மறத்தலாகாது. ஆயினும், போர் முடிந்தபின் எஞ்சி நின்று நகர மக்களுக்குப் பயன்பட்டது துறைமுகமேயன்றி, அதனைத் தகர்த்தவர் பெற்ற விருதன்று. கைத்தொழிலை இழிவென்றும் ஏட்டுக் கல்வியே உயர்வென்றும் எண்ணும் மாணவர் இதனைச் சிந்தித்தல் நன்று. ஒரு நகரம் இடிந்து கிடக்கும்போது முதலில் வேண்டப்படுபவன், சுவரெழுப்பத் தெரிந்தவனே.