கண்ணீர்க் காவலன்

மனித உடலை ஒன்பது வாயில்களையுடைய கோட்டை என்று உருவகித்தல் பழைய மரபு. வாயில் உள்ள இடத்தில் பகை புகும் அச்சமும் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கண், மூக்கு, வாய் ஆகிய வழிகளை ஓயாது நாடுகின்றன. ஆயினும், மனிதர் நாள்தோறும் நோயுறுவதில்லை. அவ்வாயில்களில் நின்று காக்கும் காவலருள் ஒருவனே லைசோசைம் என்னும் நொதி. உயிர்களின் உடலில் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் பொருளே நொதி எனப்படும்.

1921ஆம் ஆண்டில் இலண்டன் தூய மேரி மருத்துவமனையில் ஆய்வு நடத்திவந்த அலெக்சாந்தர் பிளெமிங்குக்குச் சளி பிடித்திருந்தது. அவர் தம் மூக்குநீரையே எடுத்து நுண்ணுயிர்களின்மீது இட்டுப் பார்த்தார். அவை கரைந்து மறைந்தன! அப்பொருள் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் கோழிமுட்டையின் வெண்கருவிலும் உண்டு எனப் பின்னர்க் கண்டார். ஆய்வுக்குக் கண்ணீர் வேண்டி உடன்பணியாளரின் கண்களில் எலுமிச்சையைப் பிழிந்தார் என்பர். கரைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லை முதலாகக் கொண்டு இதற்குப் பெயர் அமைந்தது.

பாக்டீரியாவைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்று உண்டு. இருவகைச் சர்க்கரைக் கூறுகள் மாறி மாறிக் கோக்கப்பட்ட சங்கிலிகள் அச்சுவரில் உள்ளன. லைசோசைம் அச்சங்கிலிகளின் கண்ணிகளை அறுக்கின்றது. சுவர் தளரவே, உள்ளழுத்தம் தாங்காது பாக்டீரியா வெடித்து மடிகின்றது. சிதைந்த சுவரின் துணுக்குகள் உடலின் பிற காவலணுக்களையும் விழிப்பூட்டுகின்றன. ஆயினும், கொடிய கிருமிகள் பல தம் வெளியுறையாலும் பிற சூழ்ச்சிகளாலும் இதற்குத் தப்பிவிடும். ஆதலால், பிளெமிங் எதிர்பார்த்த பெருமருந்தாக இது அமையவில்லை. எனினும், அவர் முயற்சி வீண்போகவில்லை. கிருமி கரையும் காட்சியைக் கண்டு பழகிய அவர் கண்களே, 1928இல் பெனிசிலினையும் கண்டுகொண்டன.

மனித லைசோசைமை விரிவாக ஆராய்வதற்குக் கண்ணீர்த் துளிகள் போதா. ஆகவே, அந்நொதியை ஆக்கும் மனித மரபணுவை ஈஸ்டு, நெல் முதலிய உயிர்களில் அறிஞர் புகுத்தினர். அவை தம் புரதங்களோடு மனித நொதியையும் ஆக்கித் தருகின்றன. இவ்வாறு பெறுவது மறுசேர்க்கை நொதி எனப்படும்.

இதனால் விளையும் பயன் யாது? மனித லைசோசைம் 130 அமினோ அமிலங்கள் கோத்த மாலை போன்றது. அவற்றுள் ஒன்றே ஒன்று மாறிப் பிறந்தோர் சிலரது உடலில், இந்நொதி உருக்குலைந்து நார்நாராய்த் திரண்டு, சிறுநீரகம், கல்லீரல் முதலிய உறுப்புகளில் படிந்து அவற்றைக் கெடுக்கின்றது. இவ்வுண்மை 1993இல் வெளியாயிற்று. காவலனே பகைவனாகும் இக்கொடுமைக்குக் காரணம் காண, இயல்பான நொதியையும் மாறிய நொதியையும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கி, அறிஞர் ஒப்புநோக்குகின்றனர்.

பிறர் அருவருத்து ஒதுக்கும் மூக்குநீரை ஒருவர் ஊன்றி நோக்கினார். உடலின் காவல் முறையில் ஒரு பகுதி உலகுக்குத் தெரியவந்தது. சிறியது என்று எதனையும் இகழாது ஆராய்வதே அறிவியலின் நெறியாகும்.