அம்மா சும்மா இருக்கட்டுமா?

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம், பேசாம உட்காரு" என்று சொல்லாத பிள்ளைகள் குறைவு. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அன்று முதல் கறிகாய் வாங்குவது அம்மாவின் கையைவிட்டுப் போகும். பிறகு பால் கணக்கு, வெள்ளிக்கிழமை கோயில், தெருமுனையில் நின்று பேசும் பேச்சு. இரண்டு வருடத்தில் டிவியும் மாத்திரை டப்பாவும் ஒரு நாற்காலியும்தான் மிச்சம். மருந்து வேளைக்கு வருகிறது, சாப்பாடு சூடாக வருகிறது, யாரும் குறை சொல்ல முடியாது. குறை அங்கேதான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் முதியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் சமூகத் தொடர்பு அறுந்து வாழ்கிறார். இதை வெறும் மனவருத்தம் என்று ஒதுக்க முடியாது. மறதிநோயைத் தள்ளிப்போட எதையெல்லாம் மாற்றலாம் என்று ஆராய்ந்த லான்செட் ஆணையம், 2020 அறிக்கையிலேயே தனிமையையும் காது மந்தத்தையும் அந்தப் பட்டியலில் வைத்தது. 2024ல் கண்பார்வைக் குறைவையும் சேர்த்தது. நடக்காத கால் வலுவிழக்கும், வலுவிழந்த கால் குளியலறையில் சறுக்கும். இன்னொரு ஆபத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நாலு பேர் கண்ணில் படாத முதியவரிடம் யார் கையெழுத்து வாங்கினாலும், யார் கடுஞ்சொல் சொன்னாலும் கேட்க ஆள் இருக்காது.

எங்கள் தெருவில் ஒரு மூன்றாவது மாடி வீட்டுக்கு, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாவை அழைத்து வந்தார்கள். ஊரில் எல்லா வீட்டு விசேஷத்திலும் முன்னால் நின்றவர். இங்கே எதற்குக் கூப்பிட்டாலும் "முட்டி வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்றார். மகள் எலும்பு மருத்துவரிடம் காட்டினாள். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை. கீழ்வீட்டு அம்மாளிடம்தான் ஒருநாள் உண்மையைச் சொன்னார். சிறுநீரை அடக்க முடியவில்லை. இருமினாலே புடவை நனைகிறது. வெளியே போனால் எங்கே ஒதுங்குவது? மகளிடம் சொல்ல வெட்கம்.

எத்தனை வீடுகளில் முட்டி வலி என்ற பெயரில் இதுதான் உட்கார்ந்திருக்கிறதோ. இது வயதின் தலையெழுத்து அல்ல. சிறுநீர்த் தொற்று, கட்டுப்படாத சர்க்கரை, சில பி.பி. மாத்திரைகள், பிரசவங்களில் தளர்ந்த இடுப்புத் தசை என்று காரணம் இருக்கும். பல காரணங்களுக்கு மருந்தோ பயிற்சியோ உண்டு. மகன் கேட்டால் சொல்ல மாட்டார். மகளோ மருமகளோ தனியாக உட்கார்ந்து, நேராகக் கேட்க வேண்டும்.

அடுத்தது காது. கல்யாண வீட்டில் அம்மா பேசாமல் இருந்தால் கோபம் என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிப் பேச்சு அவர் காதில் விழவே இல்லை என்பதுதான் விஷயம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்குக் காது கேட்கும் கருவி, ஊன்றுகோல், பல்செட் போன்றவற்றை இலவசமாகத் தரும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா 2017 முதல் இருக்கிறது.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று நேரம் காலம் தெரியாமல் குழம்பிப் பேசினால், "வயசாயிடுச்சு" என்று விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தொற்றோ, இரத்தத்தில் சோடியம் குறைவோ காரணமாக இருக்கலாம், சரிசெய்துவிடலாம். சென்னையில் 1978லேயே அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் 2024ல் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு அரசு மருத்துவமனை திறக்கப்பட்டது. இருந்தும் ஐந்து மருத்துவர் எழுதிய ஐந்து சீட்டுகளையும் ஒருசேர விழுங்கும் அம்மாக்கள்தான் அதிகம். எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு, ஒரே மருத்துவரிடம் காட்டி, எது வேண்டும் எது வேண்டாம் என்று கேளுங்கள்.

வீடு தேடி வரும் உதவிகள் இப்போது பல. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வாசலுக்குக் கொண்டுவருகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் ரேஷன் பொருளை முதியவர் வீட்டுக்கே தருகிறது. 70 வயது கடந்தவருக்கு வீட்டில் வந்து வங்கிச் சேவை தரச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இவையெல்லாம் வரம். ஆனால் நடக்க முடிகிற அம்மாவுக்கு, முடிந்தவரை இவற்றை வாங்கிக் கொடுக்காதீர்கள் என்பேன். ரேஷன் வரிசையில்தான் அவருக்கு ஊர் நியாயம் கிடைக்கும். பாஸ்புக்கில் வரவு பதியப் போகும் நாளில்தான் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்கே தெரியும். அந்தக் கணக்கு அவருடையது, ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் பிள்ளையிடம் இருப்பது வழக்கமே தவிர, பிள்ளையின் உரிமை அல்ல.

2021 மே முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தங்கை வீட்டுக்குப் போக மகனிடம் கை நீட்ட வேண்டாம் என்பதே எத்தனையோ அம்மாக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. கூட்ட நேரம் தவிர்த்து, காலை பத்து மணிக்கு மேல், கழிப்பறை இருக்கும் இடமாகப் பார்த்து அனுப்புங்கள். பகல் நேரத்தில் முதியவர்கள் கூடிப் பேசிச் சாப்பிட்டுத் திரும்ப அன்புச்சோலை என்ற பெயரில் 25 மையங்கள் அமைப்பதாகத் தமிழக அரசு 2025ல் அறிவித்தது. உங்கள் ஊருக்கு வந்திருக்கிறதா என்று மாநகராட்சியில் விசாரிக்கலாம். வராத ஊரில் பஜனை மடம், சர்ச், பள்ளிவாசல், நூலகம் என்று ஏதாவது இருக்கும். எதுவும் இல்லாவிட்டால், அம்மா ஊறுகாய் போடும் நாளில் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், "ஆன்ட்டி, உப்பு போதுமா?" என்று நாலு பேர் கேட்டாலே முகம் மாறும்.

வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவைத் தேடி வரும் குரல்களும் உண்டு. போலீஸ் என்றும் சி.பி.ஐ. என்றும் வீடியோ காலில் மிரட்டி, "டிஜிட்டல் கைது, யாரிடமும் சொல்லக்கூடாது" என்பார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால் அவன் திருடன் என்று அம்மாவுக்குப் பழக்குங்கள். பணம் போய்விட்டால் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொண்டு உடனே 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

இனி சொத்து. உயில் வேறு, செட்டில்மென்ட் வேறு. உயில் அம்மாவின் காலத்துக்குப் பிறகுதான் பேசும், அதுவரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட் பத்திரம் பதிவான கையோடு வீடு அம்மாவுடையது அல்ல. "எப்படியும் உங்களுக்குத்தானே" என்று எழுதிக் கொடுக்கும் அம்மாக்கள் இந்த வித்தியாசத்தைச் சார்பதிவாளர் அலுவலக வாசலில்கூடக் கேட்டிருப்பதில்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ன் 23வது பிரிவு ஒரு வழி தருகிறது. அடிப்படை வசதிகளைச் செய்து பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கோரலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022ல் சொன்னது. 2025 ஜனவரியில், முதியவருக்குச் சாதகமாகவே இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்து வழக்கொன்றில், பாசத்தால் எழுதியது என்பதிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. இருந்தாலும் தீர்ப்பை நம்பிப் பத்திரம் எழுதாதீர்கள். "என் ஆயுட்காலம்வரை இந்த வீட்டில் குடியிருந்து அனுபவிப்பேன், என்னைப் பராமரிக்க வேண்டும்" என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிக்கு முகம் சுளிக்கும் பிள்ளைக்கு எழுதித் தர என்ன அவசரம்?

அதே சட்டப்படி, தன் வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். மகனுக்கு இருக்கும் பொறுப்பு மகளுக்கும் உண்டு. வயது வந்த பேரன் பேத்திக்கும் உண்டு. மனு போவது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு. வழக்கறிஞர் வைத்தாக வேண்டியதில்லை. அம்மாவால் முடியாவிட்டால் அவர் சொல்லும் வேறொருவர் மனு கொடுக்கலாம். தொகையின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாள். ஆணையை மதிக்காதவருக்கு ஒரு மாதம்வரை சிறை கிடைக்கலாம். முதியவரைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டு வருவது தனிக் குற்றம். மூன்று மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வீட்டுக்குள் அடி, வசவு என்றால், 2005ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல, தாய்க்கும் பொருந்தும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567ஐ அழைக்கலாம்.

தீர்ப்பாயம் விசாரிக்கும் முன் சமரச அலுவலரிடம் அனுப்பி வைக்கலாம். இதைச் சடங்கு என்று நினைத்துப் பலர் தொகையை மட்டும் பேசிவிட்டு எழுந்து வருகிறார்கள். மாதம் இவ்வளவு என்று ஆணை போடத் தீர்ப்பாயத்தால் முடியும். வாரம் ஒருமுறை வந்து பார் என்பதெல்லாம் ஆணையில் கிடைப்பது கடினம். ஆகவே சமரசத்தின்போதே கேட்டு வாங்குங்கள்: ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவது, செல்போன் ரீசார்ஜ் யார் செய்வது, ஊர்த் திருவிழாவுக்கு யார் அழைத்துப் போவது, பேரப்பிள்ளைகளை எந்த ஞாயிறு கூட்டி வருவது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கி, நகலை அம்மா தன் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளட்டும்.