கால் போத்தலுக்குக் காசு கொடுப்பது யார்?

தேயிலைத் தோட்டத்தில் எல்லோருடைய வேலையும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. கவ்வாத்து வெட்டுகிறவர், முள்ளுக் குத்துகிறவர், மருந்தடிக்கிறவர் ஆகியோருக்குக் கொடுத்த அளவு முடிந்தால் பேர் விழுந்துவிடும், அதாவது அன்றைய நாட்சம்பளம் பதிவாகிவிடும். பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கே வீடு திரும்பலாம். கொழுந்து பறிக்கிற பெண்ணோ அந்தி நிறுவை முடியும்வரை மலையில்தான் நிற்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலும் இதுதான் வழமை. இடைப்பட்ட அந்த மூன்று நாலு மணி நேரத்தைக் கழிக்க ஒரு மைதானமோ வாசிகசாலையோ கிடைப்பது அபூர்வம். டவுனில் பார் இருக்கிறது. டவுனுக்குப் போக முடியாதவருக்கும், பார்களை மூடும் போயா தினத்துக்கும் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் இருக்கிறது.

மலையகத்தார் என்றாலே குடிகாரர் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தோட்டத்துப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் குடிப்பதில்லை. ஆண்களிலும் குடிக்காதவர்கள் ஏராளம். ஆனால் குடிக்கிறவர்கள் சொல்லும் காரணங்கள் லயத்துக்கு லயம் ஒன்றாகவே இருக்கின்றன: “குளிருக்கு”, “உடம்பு வலிக்கு”. இவை இரண்டுமே உண்மையா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர் பொய்யல்ல, அட்டைக்கடியும் மழையும் பொய்யல்ல. ஆனால் சாராயம் உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளேயிருந்த வெப்பம் தோலுக்கு வந்து வெளியே போகிறது. முகம் சூடாகத் தெரியும் அதே நேரத்தில் உள்ளுடம்பு குளிர்கிறது. வெறியில் வழியில் விழுந்து பனியில் கிடப்பவருக்கு இதுவே உயிராபத்து. வலியும் அப்படித்தான். சில மணி நேரம் மரத்துப்போகும், தூக்கமும் சட்டென்று வரும். ஆனால் பின்னிரவில் அந்தத் தூக்கம் கலைந்துவிடும். உடம்பு ஆறாமலே விடிகிறது, கைகால் கனக்கிறது, அடுத்த பகலுக்கு மறுபடியும் ‘வலிக்கு’ ஒரு கிளாஸ் தேவைப்படுகிறது.

ஈரல் நோவதில்லை என்பதுதான் அதன் பெரிய ஆபத்து. முதலில் கொழுப்புப் படியும், பிறகு அழற்சி, பிறகு தழும்பு. கொழுப்புப் படிந்த நிலையில் குடியை விட்டால் ஈரல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தழும்பேறி இறுகிவிட்டால் அது கடினம். கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோர்த்து, இரத்த வாந்தி எடுத்து வைத்தியசாலைக்கு வரும்போது பல வருடங்கள் கடந்திருக்கும். சோற்றை விட்டுவிட்டுக் குடியே சாப்பாடானவர்களுக்கு உயிர்ச்சத்து பி1 குறைந்து, நடை தள்ளாடும், ஞாபகம் அழியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மதுசாரத்தைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது 1988இல். வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு சாராயமும் சேரும் வாய்க்கு ஆபத்து பல மடங்கு.

கசிப்பில் இன்னொரு பயம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. தொழிற்சாலை ஸ்பிரிட் கலந்துவிட்டால் மெதனோல் உடம்பில் ஃபோர்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் அதிகமானோர் அப்படித்தான் செத்தார்கள். குடித்த மறுநாள் பார்வை மங்கினால் அதை வெறியின் மிச்சம் என்று நினைத்துப் படுக்கவிடாமல் உடனே 1990 அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும்.

இனிக் காசுக் கணக்கு. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் கடையில் வாங்கிய ஒரு முழுப் போத்தல் சாராயம் இரண்டு நாள் அடிப்படைச் சம்பளத்தை விழுங்கியது. கிலோ குறைந்து அரைப்பேர் விழும் நாட்களும் மாதத்தில் உண்டு. அப்படியானால் தினமும் குடிப்பவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது? பேராசிரியர் தியனாத் சமரசிங்கவும் நோர்வே ஆய்வாளர் பெர்க்லியொட் பக்லியெனும் 2000களின் தொடக்கத்தில் இலங்கையில் மதுவும் வறுமையும் பற்றிச் செய்த ஆய்வு இதே கேள்வியைத்தான் தொட்டது. ஆண்களில் ஒரு பகுதியினர் தங்கள் வழக்கமான வருமானம் முழுவதையும், அதற்கு மேலும்கூட, குடிக்குச் செலவிடுவதை அவர்கள் கண்டார்கள். வருமானத்துக்கு மேல் குடிக்கிறவரின் குடிக்கு வேறு யாரோ காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். தோட்டத்தில் அந்த ‘வேறு யாரோ’ பெரும்பாலும் கொழுந்து பறிப்பவள். மனைவியின் சம்பளத்தைக் கணவன் கையெழுத்திட்டு வாங்குவது நீண்டகாலம் இங்கே வழக்கமாக இருந்தது. இப்போது சம்பளம் அவள் கைக்கே வந்தாலும் சம்பளத்து அன்று இரவு அது அவள் கையில் தங்குகிறதா என்பது வேறு விஷயம். தோடு அடகுக்குப் போகிறது, சீட்டுக்காசு கரைகிறது, கடைக்காரரின் கொப்பியில் கடன் ஏறுகிறது.

2016இல் நடந்த தேசிய குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். இதற்கெல்லாம் குடிதான் காரணம் என்று சொல்வது அநியாயம். சம்பளமும் லயமும் தண்ணீரும் தாயின் இரத்தச்சோகையும் அதில் இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே போதாத காசில் முதல் வெட்டு விழுவது பாலிலும் முட்டையிலும்தான்.

சமரசிங்க நெடுங்காலமாக வலியுறுத்தி வரும் இன்னொரு கருத்தும் நம் லயங்களுக்குப் பொருந்தும். வெறியில் ஒருவர் செய்வதெல்லாம் சாராயம் செய்விப்பது அல்ல. வெறிக்குச் சமூகம் கொடுக்கும் சலுகையும் அதில் உண்டு. தோட்டத்தில் இதை நன்றாகவே பார்க்கலாம். குடித்துவிட்டு மனைவியை ஏசுகிறவர் துரையை ஏசுவதில்லை, பொலிஸ்காரரைக் கண்டால் குரல் தணிகிறது. “வெறியில பேசிட்டாரு, விடும்மா” என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து வரும் சமாதானம் அடுத்த அடிக்கான அனுமதியாகிவிடுகிறது. சாவு வீடு, திருவிழா, தேர்தல் என எல்லாவற்றிலும் போத்தலுக்கு முன்வரிசை கொடுத்ததும் நாம்தான். இதை மாற்றச் சட்டம் வேண்டியதில்லை. தோட்டத்துத் தலைவர்மாரும் கோயில் கமிட்டியும் நினைத்தால் முடியும்.

குடி பழக்கமாக இருக்கும்வரை மனம் வைத்தால் விடலாம். ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருப்பவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். மாலை கழற்றிய அன்றே மறுபடி தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நோயாகிவிட்ட பிறகு சத்தியம் மட்டும் போதாது, ஆபத்தாகவும் முடியலாம். வருடக்கணக்காகத் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஆள் பிதற்றுவார். பேய் பிடித்துவிட்டது என்று கோடங்கியிடம் கொண்டுபோவதற்குள் உயிர் போனாலும் போகும். வைத்தியசாலையில் சில நாள் மாத்திரையும் பி1 ஊசியும் கொடுத்தால் தவிர்த்துவிடக்கூடிய சாவு அது.

அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஆசையைக் குறைக்கும் மருந்துகள் உண்டு, ஆலோசனை உண்டு. குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரச்செய்யும் மாத்திரை ஒன்றும் இருக்கிறது. அதை ஆளுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுப்பது இதயத்தை நிறுத்திவிடக்கூடும். எந்தப் பெண்ணும் யார் சொன்னாலும் அதைச் செய்ய வேண்டாம். மாதக்கணக்கில் விட்டிருந்தவர் ஒரு நாள் மறுபடி குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று வீடு இடிந்துபோகிறது. அப்படி இல்லை. நீரிழிவில் சீனி ஏறினால் மருந்தை மாற்றுவது போல, பழைய டொக்டரிடமே திரும்பிப் போக வேண்டும்.

இப்போது விஷயம் சாராயத்தோடு நிற்பதில்லை. கொழும்பில் வேலைக்குப் போய் வரும் பையன்களோடு ஹெரோயினும் ஐஸ் என்ற போதைப்பொருளும் மலைக்கு ஏறுகின்றன. ஐஸை விடுவிக்க சாராயத்துக்கு இருப்பது போன்ற மருந்து இன்னும் கிடையாது. ஆலோசனையும் துணையும்தான். அடைத்துவைத்தால் திருந்துவார்கள் என்ற நம்பிக்கை 2022இல் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் கலவரமாகவும் தப்பியோட்டமாகவும் முடிந்ததை மறக்கக் கூடாது.

உதவி கேட்க அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926, அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 ஆகிய இலக்கங்கள் உள்ளன. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலை போன்ற இடங்களில் தமிழில் பேசும் ஓர் ஆலோசகர் எப்போதும் இருந்தாக வேண்டும். மனசைத் திறக்கிற பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் சரிவராது.

கணவன் திருந்தும்வரை மனைவி பொறுத்திருக்க வேண்டும் என்பது சிகிச்சை முறை அல்ல. அடி விழுகிற வீட்டுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அவளே நேராகவோ பொலிஸ் மூலமாகவோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தில் வழி சொல்வார்கள். கட்டளை கேட்டால் புருஷனை ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் தயங்குகிறார்கள். அந்தக் கட்டளை தண்டனை அல்ல. அவள் லயத்திலேயே இருக்க, அவரை ஆலோசனைக்குப் போகும்படி உத்தரவிடவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு.