உயிர் பெரிதா, குழாய் பெரிதா?

விபத்தில் அடிபட்ட ஒருவர் நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகிறார். தாடை நொறுங்கியிருக்கிறது, வாய் முழுதும் இரத்தம். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாமென்ற சந்தேகத்தால் தலையை அசைக்கவும் கூடாது. நினைவு தப்பிய அவருக்கு மூச்சு ஓய்ந்துகொண்டு வருகிறது. வாய் வழியே மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்திப் பிராணவாயு கொடுத்தாக வேண்டும். குழாய் உள்ளே செல்ல மறுத்தால் வைத்தியர் என் செய்வார்?

இது வைத்தியர்கள் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயமென்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. அந்தக் கட்டிலில் நாளை நம்மில் எவரும் கிடக்க நேரிடலாம். மூச்சு நின்றவனுக்குக் காலம் நிமிஷக் கணக்கில்தான் உண்டு. முன்னதாகவே பிராணவாயு நிறைய ஊட்டப்பெற்ற திடகாத்திரமான மனிதர் சில நிமிஷங்கள் தாங்குவார். கடும் நோயாளிக்கு அந்த அவகாசமும் இல்லை. பிராணவாயு அற்ற மூளை நாலைந்து நிமிஷங்களிலேயே கெடத் தொடங்கும். நாள் குறித்துச் செய்யும் ரண சிகிச்சையாயின், நோயாளியை விழிக்கச் செய்து பிறிதொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். அவசர நோயாளிக்குப் பிறிதொரு நாள் என்பதே கிடையாது.

ஆயினும், நாள் குறித்த சிகிச்சையிலுங்கூட என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டு நிகழ்ந்த சம்பவம் ஒரு சான்று. மார்ட்டின் புரோமிலி என்னும் விமானியின் மனைவி, 37 வயதினர், மூக்கு சம்பந்தமான சாதாரண சிகிச்சைக்குச் சென்றார். மயக்க மருந்து கொடுத்ததும் சுவாச வழி அடைபட்டது. அனுபவமிக்க வைத்தியர் மூவர் அங்கு இருந்தனர். கருவிகளுக்கும் குறைவில்லை. ஆனால் அவர்கள் குழாயைச் செலுத்தும் முயற்சியையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தனர். தாதி ஒருவர் கழுத்தைத் திறப்பதற்கான கருவிகளைக் கொணர்ந்து, அவை தயாராயிருப்பதாகவும் கூறினார். அக்குரல் செவியில் ஏறவில்லை. அந்த அம்மையார் 13 நாட்களில் உயிர் நீத்தார்.

இங்கே குறைந்தது திறமையன்று, கருவியுமன்று. குழாயையே நோக்கிய கண்கள் கடிகாரத்தை நோக்க மறந்தன. நோயாளிக்கு வேண்டியது பிராணவாயு. குழாய் அதற்கு ஒரு வழி மாத்திரமே. முகமூடி வைத்துப் பையை அழுத்திக் காற்றூட்டலாம். குரல்வளையின் மேல் அமரும் கருவியை வைக்கலாம். யாவும் தோற்றால், குரல்வளையின் முன்புறச் சவ்வைக் கத்தியால் திறந்து, அங்கே குழாயைச் செலுத்தலாம். இக்கடைசி வழியை மேற்கொள்வது தோல்வியன்று. அதைக் காலங் கடந்து மேற்கொள்வதே தோல்வி.

கடும் நோயாளிகளுக்கு மூன்று முறைக்குமேல் முயலலாகாதென்று 2018-இல் பிரிட்டிஷ் நிபுணர்கள் விதித்தனர். அகில இந்தியக் கடினச் சுவாசவழிச் சங்கத்தாரும் 2016-இலேயே நம் நாட்டுக்கென விதிமுறைகளை வெளியிட்டு, குழாய் செலுத்தும் வேளையிலும் மூக்கு வழியே பிராணவாயு கொடுத்து வருமாறு கூறியுள்ளனர். ஆகவே விதிக்குப் பஞ்சமில்லை.

குழாய் உள்ளே சென்றதோடு கவலை தீர்ந்ததா? இல்லை. அது தவறி உணவுக்குழலில் புகுந்திருக்கலாம். வெளிமூச்சிலுள்ள கரியமில வாயுவை அலையாகக் காட்டும் காப்னோகிராப் என்னும் கருவியே இதில் நம்பத்தக்க சாட்சி. பிரிட்டனில் 2011-இல் வெளியான தேசியத் தணிக்கை அறிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சுவாச வழி விபத்துக்களால் நேர்ந்த மரணங்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் இக்கருவியைப் பயன்படுத்தாமை ஒரு காரணமாயிருக்கலாமென்று கண்டது. சரியான இடத்தில் அமர்ந்த குழாயுங்கூட, இறுகக் கட்டாவிடில், நோயாளியைப் புரட்டும்போது நழுவிவிடும்.

மனைவியை இழந்த அந்த விமானி எவரையும் தண்டிக்கக் கோரவில்லை. நடந்தது என்னவென்று ஆராயும்படி கோரினார். விமானத்தில் இளைய விமானி தலைவனின் தவற்றைச் சுட்டிக்காட்டப் பயிற்றுவிக்கப்படுகிறான். அப்பழக்கம் ஆஸ்பத்திரியிலும் வேண்டுமென்று கருதி, 2007-இல் அதற்கென ஓர் அமைப்பையே நிறுவினார். மரணத்துக்குப் பின் குற்றவாளியைத் தேடுவது எளிது. மரணத்துக்கு முன் முறையை வகுப்பதே அரிது. உயிரைக் காப்பதும் அதுவே.

நாம் கோருவன பெரியன அல்ல. அவசர சிகிச்சை நடக்கும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் காப்னோகிராப் இருத்தல் வேண்டும். கழுத்தைத் திறக்கும் கருவிகள் பூட்டிய அலமாரியிலன்றிக் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். முதல் முயற்சி தவறினால் அடுத்தது யாது என்பதைக் குழாயைக் கையில் எடுக்குமுன் யாவரும் கேட்கச் சொல்லிவிட வேண்டும். “போதும், வேறு வழி பாருங்கள்” என்று கூறும் உரிமை அவ்வறையில் உள்ள கடைசித் தாதிக்கும் இருத்தல் வேண்டும்.

முதல் மூன்றுக்கும் சிறிது பணமும் பயிற்சியும் போதும். கடைசியானதற்குச் செலவு ஒன்றுமில்லை. மூத்தவர்கள் செவி கொடுத்தாற் போதும்.