ஒரே வீடு, இரு கடன்கள்: அமெரிக்க வாடகைச் சந்தையில் நிறவெறியின் தொடர்ச்சி

அமெரிக்காவில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட விரும்பும் கறுப்பினக் குடும்பமும், அதே வீட்டுக்கு விலை பேசும் முதலீட்டு நிறுவனமும் ஒரே சந்தையில்தான் நிற்கின்றன. ஆனால் யாருக்கு எந்த விலையில் கடன் கிடைக்கிறது என்பதே அந்தப் போட்டியின் முடிவைத் தீர்மானிக்கிறது.

இதன் வேர் 1930களில் இருக்கிறது. கூட்டாட்சி அரசின் வீட்டுக் கடன் அமைப்பு, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு நிறமிட்டு ‘ஆபத்தானவை’ என வகைப்படுத்தியது. 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் அத்தகைய பகுதிகளுக்குக் கடன் உத்தரவாதம் வழங்கத் தயங்கியது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் இப்பாகுபாட்டைத் தடை செய்தது. அதன் பின்னர், கடன் மறுக்கப்பட்ட அதே பகுதிகளுக்கு அதிக வட்டிக் கடன்கள் வந்து சேர்ந்தன. கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் கடனாளிகளிடம் கூடுதல் கட்டணமும் வட்டியும் பெற்றதாக எழுந்த வழக்கில், வெல்ஸ் ஃபார்கோ வங்கி குற்றச்சாட்டை மறுத்தபோதிலும், 2012இல் 17.5 கோடி டாலர் வழங்க உடன்பட்டது.

2008 நெருக்கடியில் இலட்சக்கணக்கானோர் வீடுகளை இழந்தனர். அவ்வீடுகளைப் பெருநிறுவனங்கள் மலிவாக வாங்கிக் குவித்தன. பிளாக்ஸ்டோன் 2012இல் ‘இன்விடேஷன் ஹோம்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, சுமார் 3,200 வீடுகளின் வாடகை வருவாயை ஈடாகக் காட்டி, கடன் பத்திரங்கள் மூலம் ஏறத்தாழ 48 கோடி டாலர் திரட்டியது. 2017இல் அந்நிறுவனத்தின் 100 கோடி டாலர் கடனுக்கு, அரசின் கட்டுப்பாட்டில் உள்ள ஃபேனி மே உத்தரவாதம் அளித்தது. எதிர்ப்புகளுக்குப் பின் 2018இல் இத்தகைய உதவி நிறுத்தப்பட்டது.

அதே ஃபேனி மே தனிநபரிடம் கேட்பது வேறு. ஒரு குடியிருப்பு மட்டுமுள்ள வாடகை வீட்டுக்குக் குறைந்தது 15 விழுக்காடு முன்பணம், வருமானச் சான்று, நல்ல கடன் வரலாறு ஆகியவை தேவை. கடன் நிலுவையில் உள்ள வீடுகள் பத்துக்கு மேல் இருந்தால் கதவு மூடிவிடும்.

சிறு முதலீட்டாளருக்கு ஒரு வழி உண்டு. நான்கு குடியிருப்புகள் வரையுள்ள கட்டடத்தை 3.5 விழுக்காடு முன்பணத்தில் வாங்கி, ஒன்றில் தாம் வசித்து, மற்றவற்றை வாடகைக்கு விடலாம். ஆனால் அரசு உத்தரவாதக் கடனுக்கு வீட்டின் நிலையை மதிப்பிட வேண்டும். ஒப்புதலுக்குப் பல வாரங்கள் ஆகும். முழுத் தொகையையும் ரொக்கமாகத் தரும் நிறுவனத்தையே விற்பவர் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்.

நாடு முழுவதும் வாடகைக்கு விடப்படும் தனி வீடுகளில் பெருநிறுவனங்களின் பங்கு சுமார் 3 விழுக்காடுதான். ஆனால் கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் அட்லாண்டாவில் அது ஏறத்தாழ 25 விழுக்காடு என்கிறது 2022ஆம் ஆண்டு மதிப்பீடு. கூட்டிச் சொல்லும் சராசரி, ஒரு நகரத்தின் வலியை மறைத்துவிடுகிறது.

மாற்றுக்கு ஒரு சான்று சின்சினாட்டி. அங்குள்ள துறைமுக ஆணையம் என்னும் பொது அமைப்பு, கடன் பத்திரங்கள் வெளியிட்டு, முதலீட்டு நிறுவனங்களை விஞ்சி, 194 வீடுகளை 1.45 கோடி டாலருக்கு வாங்கியது. பழுதுபார்த்து அவற்றைக் குடியிருப்போருக்கே விற்பது அதன் திட்டம். பல வீடுகள் மோசமான நிலையில் இருந்ததால் அப்பணி எளிதாக இல்லை. எனினும் பெருநிறுவனத்தின் கருவியையே பொதுநலனுக்குத் திருப்ப முடியும் என்பதை அது காட்டியது.

பாகுபாட்டைச் சட்டம் தடை செய்த பின்னும், கடனின் விலையில் அது உயிர்வாழ முடியும். சாதியின் பெயரால் வாடகை வீடு மறுக்கப்படுவதை அறிந்த நாம், கதவை மூடும் வீட்டு உரிமையாளரோடு சேர்த்து, கடனைப் பங்கிடும் நிறுவனங்களையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.